செக் எப்போது கேட்பது, எப்போது விடுவது: கேம் மாஸ்டருக்கான முழுமையான வழிகாட்டி

மன்னார்குடியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் நான் நடத்திய முதல் கதை ஆட்டம் ஒரு கடிதத்தில் சிக்கி நின்றுபோனது. கதை ஆட்டம் என்றால், ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து பேசிப் பேசியே ஒரு கதையை நடத்திக்கொண்டு போவது. நடத்துபவர்தான் கேம் மாஸ்டர். ஒரு காரியம் முடியுமா என்று பார்க்க அவர் பகடை உருட்டச் சொல்வதுதான் செக். கதை இதுதான். ஒரு பழைய சத்திரம். அதன் கணக்கு அறைப் பரணில் ஒரு மரப்பெட்டி, பெட்டியின் அடித்தட்டில் ஒரு கடிதம். அதைப் படித்தால்தான் எதிரி யார், அடுத்து எங்கே போக வேண்டும் என்பது தெரியும். நான்கு பேரும் அறைக்குள் வந்து "தேடுறோம்" என்றார்கள். நான் யோசிக்காமல் "எல்லாரும் உருட்டுங்க, 15 வேணும்" என்றேன். 4, 7, 9, 2 என்று விழுந்தது. ஆளுக்கு 2 கூட்டியும் யாருக்கும் எட்டவில்லை.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்கள் சத்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார்கள், மடப்பள்ளிச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். நான் எழுதி வைத்திருந்த அத்தனையும் அந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் தொடங்கும். வேறு வழியில்லாமல் ஒரு காவல்காரரைக் கதைக்குள் வரவழைத்து, அவர் கையாலேயே கடிதத்தைக் கொடுக்க வைத்தேன். என் சித்தப்பா மகன் நிமிர்ந்து பார்த்து, "அப்ப நாங்க எதுக்குண்ணே உருட்டினோம்?" என்று கேட்டான்.

அன்றைக்கு அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. வருடக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்திப் பார்த்த பிறகு பதில் கிடைத்திருக்கிறது. புதிதாக ஆட்டம் நடத்த வருகிறவர்களுக்கு அது உதவும் என்பதால் படிப்படியாக எழுதுகிறேன்.

செக் என்றால் என்ன

தெரிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் (2014) ஒரு பாத்திரம் சந்தேகத்துக்கு இடமான ஒரு காரியத்தைச் செய்யும்போது 20 முகப் பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணோடு அந்தப் பாத்திரத்தின் திறனுக்குரிய எண்ணைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை கேம் மாஸ்டர் வைத்த இலக்கு எண்ணைத் தொட்டால் வெற்றி. இலக்கு எண்ணை டிசி என்பார்கள். மிக எளிதுக்கு 5, எளிதுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கடினத்துக்கு 20, மிகக் கடினத்துக்கு 25, ஏறக்குறைய முடியாததற்கு 30.

1974-இல் இந்த ஆட்டம் முதன்முதலில் வந்தபோது இப்படி எல்லாவற்றுக்கும் பொருந்தும் செக் என்று ஒன்று கிடையாது. திருடன் பாத்திரத்துக்குப் பூட்டுத் திறக்க, சத்தமில்லாமல் நடக்க என்று சதவீதக் கணக்குகள் வந்ததே அடுத்த ஆண்டு வெளியான துணை நூலில்தான். அதுவரை ஆட்டக்காரர் "இப்படிச் செய்கிறேன்" என்பார், நடத்துபவர் "இப்படி ஆயிற்று" என்பார். பகடை உருளாத அந்தப் பேச்சே ஆட்டத்தின் அடித்தளம். அது தீர்க்க முடியாத இடத்தில்தான் பகடைக்கு வேலை.

தாயம் ஆடிய கை

நம் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லிவிட்டுப் படிகளுக்குப் போகிறேன். டெல்டாவில் பகடை யாருக்கும் புதிதில்லை. கோடை விடுமுறையில் கூடத்துத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுத் தாயம் ஆடியே வளர்ந்தோம். பித்தளைக் கட்டை இரண்டையும் உள்ளங்கையில் தேய்த்துத் தரையில் விடும்போது வரும் அந்தச் சத்தத்துக்காகவே இன்னொரு முறை போடத் தோன்றும். அந்தக் கை இந்த ஆட்டத்துக்கு வந்தாலும் எதற்கெடுத்தாலும் உருட்டத்தான் பார்க்கிறது.

தாயத்தில் ஒன்று விழாமல் காய் இறங்காது. கட்டைக்கு நான்கு பக்கம், 0 முதல் 3 வரை. இரண்டு கட்டையும் சேர்ந்து விழக்கூடிய 16 விதங்களில் இரண்டில் மட்டுமே தாயம், அதாவது எட்டில் ஒரு பங்கு. பத்து முறை போட்டும் தாயமே விழாமலிருக்க நான்கில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. சிலர் அரை மணி நேரம் ஒரு காயும் இறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். சுற்றி இருப்பவர்கள் கேலி செய்வார்கள், அதுவும் அந்த ஆட்டத்தின் சுவைதான். கதை ஆட்டத்தில் அப்படி உட்கார்ந்திருப்பவருக்குச் செய்ய எதுவுமே இருக்காது. என் கடிதம் அவர்களைத் தாயம் விழாத காயாக ஆக்கிவிட்டது.

உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளும் ஆட்டம்

கீழே வரும் உதாரணங்கள் எல்லாம் இப்போது நாங்கள் ஆடிக்கொண்டிருக்கும் கதையிலிருந்து. காலம் 1924, ஆடி மாதம், காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம் வந்த ஆண்டு. மேட்டூர் அணையும் கல்லணைக் கால்வாயும் 1934-இல்தான் வந்தன. ஆகவே மேட்டூரில் தண்ணீரைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. முக்கொம்பில் பிரியும் வெள்ளத்தின் பெரும்பங்கு கொள்ளிடத்தில்தான் பாயும். அதன் தென்கரையில் நாங்கள் கற்பனையாக வைத்துக்கொண்ட ஒரு சின்ன ஊர். நான்கு பாத்திரங்கள்: ஊர் வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி (என் சித்தப்பா மகன்), துறையில் ஓடம் விடுகிறவர் (என் கல்லூரி நண்பன்), மருத்துவச்சி (பக்கத்து வீட்டு அக்கா), கர்ணத்தின் மகள் (நண்பனின் தங்கை).

முதல் படி: என்ன செய்கிறாய், எப்படி?

ஆட்டக்காரர் திறனின் பெயரைச் சொன்னதும் பகடையைக் கொடுத்துவிடாதீர்கள். அவர் சொன்னது செயலே இல்லை. எங்கள் ஆட்டத்தில் நீர்க்கட்டியாக ஆடும் சித்தப்பா மகனோடு நடந்தது இது (பர்செப்ஷன் என்பது கவனித்துக் கண்டுகொள்ளும் திறன்):

"பர்செப்ஷன் போடட்டுமாண்ணே?"

"எதப் பாக்கப் போற?"

"கரைய."

"எங்க நின்னு பாக்குற? மேல நடந்துக்கிட்டா?"

கொஞ்சம் யோசித்தான். "இல்ல, மேல நின்னா ஆத்துத் தண்ணிதான் தெரியும். வயப்பக்கமா கீழ எறங்கி, கரையோட அடியில லாந்தரப் பிடிச்சுக்கிட்டு நடக்குறேன்."

இதற்கு உருட்டத் தேவையே இல்லாமல் போய்விட்டது. கரையின் வெளி அடியில் ஓரிடத்தில் தண்ணீர் குமிழியிட்டு ஊறுகிறது என்று நான் எழுதி வைத்திருந்தேன். அவன் விளக்கோடு அதே இடத்தில் நடக்கிறான். "காலடியில ஈரம். பத்தடி தள்ளி, பானையில உலை கொதிக்கிற மாதிரி மண்ணுக்குள்ளேருந்து தண்ணி குமுறிக்கிட்டு வருது" என்றேன். கரைமேல் நின்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தால் செக் கேட்டிருப்பேன், அதுவும் கடினமான ஒன்றாக.

இந்த ஒரு கேள்வியைப் பழக்கமாக்கிக்கொண்டால் பாதி செக்குகள் தானாகவே உதிர்ந்துவிடும். ஆட்டக்காரர்களும் கதைக்குள் நின்று யோசிக்கத் தொடங்குவார்கள். என் சித்தப்பா மகன் இப்போதெல்லாம் திறன் பெயரே சொல்வதில்லை.

இரண்டாம் படி: இது நிச்சயம் நடக்குமா, நிச்சயம் நடக்காதா?

நிச்சயம் நடப்பதற்குச் செக் வேண்டாம். ஓடக்காரர் சித்திரை மாதத்தில், இடுப்பளவுத் தண்ணீரில் கழி ஊன்றி ஓடத்தை அக்கரை சேர்ப்பதற்கு எதற்குப் பகடை? அது அவருடைய அன்றாட வேலை. அங்கே உருட்டச் சொல்லி 1 விழுந்து ஓடம் கவிழ்ந்தால், அந்தப் பாத்திரத்தை உருவாக்கியவர் மனதில் இருந்த ஆளை நாம் கேவலப்படுத்தியதாக ஆகும். இருபது வருஷம் ஓடம் விட்டவர் என்று அவர் எழுதிக் கொடுத்ததை நாம் நம்ப வேண்டும்.

தெரிந்த விஷயங்களும் இப்படித்தான். குமிழியிடும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் என்ன பொருள் என்று நீர்க்கட்டிக்குத் தெரியுமா என்று சித்தப்பா மகன் கேட்டான். தெரியாமலா? தெளிவாக ஊறினால் வெறும் கசிவு, கண்காணித்தால் போதும். மண் நிறத்தில் வந்தால் உள்ளே கரையையே தண்ணீர் அரித்துக்கொண்டு வருகிறது. நண்டு வளையோ எலி வளையோ வழியாக ஆரம்பித்துக் கரை உட்கார்ந்துபோகும். கரையிலேயே வாழ்ந்தவருக்கு இதைச் சொல்ல உருட்டு வேண்டாம், நேராகச் சொல்லிவிட்டேன். கர்ணத்தின் மகள் இதையே கேட்டிருந்தால் உருட்டச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு நில அளவும் கணக்கும் தெரியும், கரை மண்ணின் குணம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

நடக்கவே முடியாததற்கும் செக் வேண்டாம். புதிதாக நடத்துபவர்கள் இங்கேதான் அதிகம் வழுக்குகிறார்கள். "முடியாது" என்று சொல்லக் கூச்சப்பட்டு, இலக்கு எண் 30 என்று வைத்து உருட்டச் சொல்வார்கள். 20 விழுந்ததும் மேசையே கத்தும். அப்புறம் இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. 2014 விதிப்படி 20 விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதல் உருட்டுக்கு மட்டும்தான், திறன் செக்குக்கு இல்லை. ஆனால் உற்சாகத்தில் இருப்பவர்களிடம் விதியைப் படித்துக் காட்டுவதில் பயனில்லை. பகடையைக் கையில் கொடுக்கும்போதே "இது நடக்கலாம்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறோம். நடக்காது என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கூடவே, எது நடக்கும் என்பதையும் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: தோற்றால் என்ன ஆகும்?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். உருட்டச் சொல்வதற்கு முன், தோல்வி விழுந்தால் அடுத்த வாக்கியமாக என்ன சொல்லப்போகிறேன் என்பது என் மனதில் இருக்க வேண்டும். "ஒன்றும் நடக்கவில்லை" என்பதுதான் அந்த வாக்கியம் என்றால் செக் கேட்கக் கூடாது. சத்திரத்தில் நான் விட்டது இதைத்தான். ஆளுக்கு 2 கூட்டல் இருந்தது, இலக்கு 15. ஒருவர் தோற்க நூற்றுக்கு 60. நால்வரும் சேர்ந்து தோற்க நூற்றுக்கு 13. எட்டு ஆட்டத்தில் ஒன்று அந்த இடத்தில் செத்துப்போகும். அதைத் தெரிந்தே யாராவது எழுதுவார்களா?

கதைக்கு அவசியமான துப்பை உருட்டுக்குப் பின்னால் ஒளித்து வைக்காதீர்கள். சரியான இடத்தில் தேடினால் கொடுத்துவிடுங்கள். ராபின் லாஸ் உருவாக்கி 2006-இல் வெளிவந்த கம்ஷூ என்ற விதிமுறை இந்தக் கொள்கையின் மேலேயே கட்டப்பட்டது. துப்பறியும் கதையின் சுவாரசியம் துப்பு கிடைப்பதில் இல்லை, கிடைத்ததை வைத்து என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்பதில்தான் என்று அது சொல்கிறது. ஆகவே அதில் உரிய திறன் உள்ளவர் தேடினால் துப்பு கிடைத்தே தீரும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும்போதும் நான் இதையே செய்கிறேன். உருட்டை அந்தத் துப்புக்கு மேலான ஒன்றுக்கு வைத்துக்கொள்கிறேன். கடிதம் எப்படியும் கிடைக்கும். உருட்டில் வென்றால், பெட்டியைத் திறந்த தடயம் இல்லாமல் மூடி வைக்க முடியும். தோற்றால், மறுநாள் காலையில் யாரோ படித்துவிட்டார்கள் என்பது எதிரிக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் படி: நேரம் இருக்கிறதா?

தோல்விக்கு விலை எதுவும் தோன்றவில்லை என்றால் நேரத்தைப் பாருங்கள். எந்த அவசரமும் இல்லாமல், திரும்பத் திரும்ப முயன்று பார்க்கலாம் என்றால் கடைசியில் எப்படியும் முடியும். 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதற்கென்றே ஒரு விதி இருந்தது. அவசரமும் இல்லை, தோற்றாலும் ஆபத்தில்லை என்றால், ஒரு முயற்சிக்கு ஆகும் நேரத்தைப்போல இருபது மடங்கு எடுத்துக்கொண்டு 20 விழுந்ததாகவே வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கும் நான் அதைப் பின்பற்றுகிறேன்.

அவசரம் இருந்தால் கதை வேறு. ஊர்ச் சாவடியில் மண்வெட்டி, கூடை, சாக்கு எல்லாம் பூட்டிய அறையில் இருக்கின்றன, சாவி வைத்திருப்பவர் அக்கரையில் மாட்டிக்கொண்டார். நான் ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு நடுவில் வைத்தேன். ஒரு கட்டம் ஒரு நாழிகை, 24 நிமிடம். ஒவ்வொரு கட்டம் நிறையும்போதும் ஆற்றில் தண்ணீர் ஒரு சாண் ஏறும். ஆறு கட்டமும் நிறைந்தால் தண்ணீர் கரைக்கு மேலே வழியும். பூட்டை நெம்பி உடைக்க ஒரு உருட்டு. வென்றால் உடனே திறக்கும், தோற்றாலும் திறக்கும், ஆனால் ஒரு கட்டம் போய்விடும். மருத்துவச்சி தோற்றார். நான் பென்சிலை எடுத்துக் கட்டத்தைக் கறுப்பாக்கியபோது நான்கு பேரும் பகடையை விட்டுவிட்டு அந்தத் தாளையே பார்த்தார்கள்.

ஐந்தாம் படி: பந்தயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்

உருட்டுவதற்கு முன் இரண்டையும் சொல்லிவிடுங்கள்: வென்றால் இது, தோற்றால் இது. ரகசியம் கெட்டுவிடும் என்று நானும் முதலில் தயங்கினேன். கெடவில்லை. பாத்திரத்துக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தைத்தானே சொல்கிறோம்? அந்த ஆற்றங்கரையில் நிற்பவருக்குக் கண்ணெதிரே தெரிவது மேசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

"ஓடத்த எடுத்தா அக்கரை போயிரலாம். பதினைஞ்சு வேணும். எட்டலன்னா நீ சேருவ, ஆனா துறையில சேர மாட்ட. இழுத்துக்கிட்டுப் போயிரும். ஏத்தியிருக்குற கயிறும் சாக்கும் போனாலும் போகும். எடுக்குறியா?"

"எடுக்குறேண்ணே."

இந்த இடத்தில் வேண்டாம் என்று பின்வாங்கவும் அவருக்கு உரிமை உண்டு. நண்பன் முன்பு ஒருமுறை அப்படிப் பின்வாங்கி, கயிற்றை இறக்கி வைத்துவிட்டு ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டான். உருட்டு நடப்பதற்கு முன்பே கதையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

ஆறாம் படி: எண்ணை வைக்கும்போது கணக்கு போடுங்கள்

இந்தக் கணக்கைத் தெரியாமல்தான் நான் வெகுநாள் நடத்தினேன். ஒரு பாத்திரத்துக்கு 5 கூட்டல், இலக்கு 15. பகடையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும், நூற்றுக்கு 55. நியாயமாகத்தான் தெரிகிறது. இப்போது இதே எண்ணை நான்கு விதமாகக் கேட்டுப் பாருங்கள்.

நால்வரும் சத்தமில்லாமல் போக வேண்டும், ஒருவர் தோற்றாலும் மாட்டிக்கொள்வார்கள் என்றால் வெற்றி நூற்றுக்கு 9. நால்வரும் தேடலாம், ஒருவர் கண்டுபிடித்தாலும் போதும் என்றால் நூற்றுக்கு 96. ஒருவரே மூன்று முறை முயலலாம் என்றால் 91. நால்வரில் பாதிப்பேர் வென்றால் கூட்டமே வென்றது என்றால் 76. இலக்கு எண் மாறவே இல்லை. எத்தனை முறை, யாரெல்லாம் உருட்டுவது என்று நீங்கள் வாய்தவறிச் சொல்லும் ஒரு வார்த்தைதான் கதையின் போக்கைத் தீர்மானிக்கிறது.

கடைசியாகச் சொன்னது ஐந்தாம் பதிப்பின் குழுச் செக். எல்லோரும் உருட்டுவார்கள், பாதிப்பேரோ அதற்கு மேலோ வென்றால் அனைவரும் வென்றதாகக் கொள்வார்கள். உடைப்பு அடைக்கும் காட்சிக்கு இதைவிடப் பொருத்தமான விதி எனக்குத் தெரியாது. உடைப்பை ஒருவர் அடைக்க முடியாது. ஒருவர் சவுக்குக் கழி அடிப்பார், ஒருவர் தென்னை மட்டையும் வைக்கோலும் போடுவார், ஒருவர் மூட்டை தூக்குவார், ஒருவர் விளக்குப் பிடித்து ஆட்களை விரட்டிக்கொண்டிருப்பார். ஒருவர் கை சறுக்கினால் பக்கத்தில் இருப்பவர் தாங்குவார். ஆளுக்கொரு திறனில் உருட்டச் சொன்னேன்: நீர்க்கட்டி மண் அறிவில், ஓடக்காரர் பலத்தில், மருத்துவச்சி தாங்கும் சக்தியில், கர்ணத்தின் மகள் பேச்சில். இருவர் வென்றார்கள், இருவர் தோற்றார்கள். பாதி, ஆகவே உடைப்பு அடைபட்டது. தோற்ற இருவருக்கும் ஆளுக்கொரு காயம் வைத்தேன், யாரும் முகம் சுளிக்கவில்லை.

திரும்ப உருட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காரியத்துக்கு ஒரு உருட்டு, சூழ்நிலை மாறும்வரை அதுவே முடிவு. பர்னிங் வீல் என்ற ஆட்டத்தில் இதைத் தனி விதியாகவே வைத்திருக்கிறார்கள். இது இருபக்கமும் பொருந்தும். ஆட்டக்காரர் மறுபடி கேட்கக் கூடாது. நடத்துபவரும், இருட்டில் பதுங்கிப் போவதற்கு ஒருமுறை வென்றவரைப் பத்தடிக்கு ஒருமுறை உருட்டச் சொல்லித் தோற்கடிக்கக் கூடாது. இரண்டாவதைத்தான் நாம் தெரியாமல் அதிகம் செய்கிறோம்.

பேச்சுக்கு எப்போது செக்

டெல்டாவில் ஆட்டம் நடத்தினால் பாதி நேரம் பேச்சாகத்தான் இருக்கும். பஞ்சாயத்து, கெஞ்சல், சமாதானம், மிரட்டல். இங்கே கவனம் தேவை. பேசத் தெரிந்த ஆட்டக்காரர் பேசியே வென்றுவிடுவார், பேச வராதவர் பகடையோடு உட்கார்ந்திருப்பார். அதனால் பேச்சின் அழகைப் பார்க்காமல், பேச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எதிரே இருப்பவருக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறார் என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டால் முடிவெடுப்பது சுலபம்.

எங்கள் கதையில் தலைமடை மிராசுதாரிடம் போய், "உங்க வயப்பக்கம் கரைய வெட்டி விடணும், இல்லாட்டி ஊரு முழுகிரும்" என்று கேட்க வேண்டும். வெறுமனே கேட்டால் நடக்காது, செக்கும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். நண்பனின் தங்கை சுபாவத்திலேயே அதிகம் பேசாதவள். சிறிது நேரம் தாளில் ஏதோ எழுதிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "நாத்தங்கால் போச்சுன்னா எங்க ஊரு நாத்தப் பாதிக்குப் பாதி தர்றோம்யா. அப்பா இப்பவே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவாரு."

என் தாளில் எழுதியிருந்த வரி: "சம்பா சாகுபடி போய்விடும் என்று பயப்படுகிறார்." அவள் அதைச் சரியாகத் தொட்டுவிட்டாள். முடியாதது இப்போது முடியக்கூடியதாகிவிட்டது. இலக்கு 15, அவளுக்கு 3 கூட்டல். சாதாரணமாக நூற்றுக்கு 45. எழுதித் தருவதாகச் சொன்னதற்காக அட்வான்டேஜ் கொடுத்தேன், இரண்டு பகடை உருட்டி எது பெரிதோ அதை எடுத்துக்கொள்ளலாம். அது ஏறக்குறைய 70 ஆகிவிடும். நாற்றையும் கையோடு கொண்டுவந்து இறக்கியிருந்தால் உருட்டே கேட்டிருக்க மாட்டேன்.

ஒரு ஆட்டக்காரரின் பாத்திரம் இன்னொரு ஆட்டக்காரரின் பாத்திரத்தைச் சம்மதிக்க வைக்க மட்டும் எங்கள் மேசையில் பகடை கிடையாது. அதை அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: தோல்வியைச் சொல்லும் விதம்

ஓடக்காரர் அன்று உருட்டியதில் 6 விழுந்தது. 5 கூட்டி 11, பதினைந்துக்கு எட்டவில்லை. "கழி வழுக்கிருச்சு, ஓடம் தப்பிருச்சு" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் இருபது வருஷ ஓடக்காரர் அந்த ஒரு நொடியில் கற்றுக்குட்டி ஆகிவிடுவார். நான் சொன்னது இது:

"நடு ஆத்துல கழிய ஊனுற. தரை தட்டல. இன்னும் கொஞ்சம் எறக்குற, அப்பவும் தட்டல. நீ இத்தன வருஷமா ஊனிக்கிட்டிருந்த மணத்திட்டு நேத்து ராத்திரியே கரைஞ்சு போயிருச்சு."

நண்பன் "அய்யோ" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். தோற்றது அவன் திறமை இல்லை, மாறியது ஆறு. ஓடம் அரை மைல் கீழே போய்க் கருவேலங்காட்டில் ஒதுங்கியது. ஆட்கள் பிழைத்தார்கள், கயிறு போயிற்று. மணல் திட்டு இல்லை என்பது இனி கதையில் நிலைத்த உண்மை, அடுத்து எந்த ஓடம் போனாலும் அது உண்டு. ஒரு தோல்வி ஊரின் நிலப்படத்தையே கொஞ்சம் மாற்றிவிட்டது.

வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் ஒரு படி வைக்க நினைப்பவர்கள் 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்ட் ஆட்டத்தைப் பார்க்கலாம். அதில் ஆறு முகப் பகடை இரண்டு. 10-உம் அதற்கு மேலும் முழு வெற்றி, 7 முதல் 9 வரை விலை கொடுத்து வெற்றி, 6-உம் அதற்குக் கீழும் தோல்வி. கூட்டல் எதுவும் இல்லாவிட்டால் 36-இல் 15 முறை அந்த நடுப்படியில்தான் விழும். 20 முகப் பகடை ஆட்டத்திலும் இலக்குக்கு ஒன்றிரண்டு குறைந்தால் "நடந்தது, ஆனால்" என்று சொல்லிப் பாருங்கள்.

மறைவாக வைத்துக்கொள்ள வேண்டியவை

சிலவற்றுக்கு உருட்டச் சொன்னாலே ஏதோ இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடும். பின்னால் ஒருவர் தொடர்ந்து வருகிறார் என்றால், "கவனிக்கிறீங்களான்னு உருட்டுங்க" என்றதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். இதற்குத்தான் பாஸிவ் எண்: 10-உடன் பாத்திரத்தின் கூட்டலைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உருட்டாமலே அந்த எண்ணைத் தொடர்பவரின் எண்ணோடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம். நால்வரின் எண்களையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

பகடை இல்லாமலும் பழகலாம்

ஆரம்பத்தில் எங்களிடம் 20 முகப் பகடை இல்லை. 1 முதல் 20 வரை சீட்டு எழுதிப் பித்தளைச் சொம்பில் போட்டு எடுத்தோம். சொம்பைக் குலுக்கி, சீட்டை எடுத்து, மடிப்பைப் பிரித்துப் படித்து, மறுபடி மடித்துப் போட ஒரு நிமிடம் ஆகும். அத்தனை நேரம் பிடிப்பதால் சின்ன விஷயத்துக்கெல்லாம் சொம்பை நீட்ட எனக்கே மனம் வராது. பகடை வந்த பிறகு மூன்று மணி நேர ஆட்டத்தில் 25 செக் வரை போயிற்று. இப்போது எட்டோ பத்தோதான். நீங்களும் கை அடங்காமல் உருட்டக் கேட்கிறீர்கள் என்று தோன்றினால் இரண்டு வாரம் சொம்பை வைத்து ஆடிப் பாருங்கள்.

எட்டாம் படி: முன்கூட்டியே எழுதி வையுங்கள்

ஆட்டத்துக்கு முதல் நாள் இரவு, வரக்கூடிய பெரிய செக் மூன்றை மட்டும் நோட்டில் எழுதுகிறேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, வென்றால் ஒன்று, தோற்றால் ஒன்று. தோல்விக்கான வரி எழுத வரவில்லை என்றால் அந்தச் செக்கை அடித்துவிடுகிறேன். மற்றவை மேசையில் தானாக வரும். வரும் ஞாயிற்றுக்கு எழுதியிருப்பது இது:

அடைத்த உடைப்பு இரவு முழுக்கத் தாங்குமா, நீர்க்கட்டி காவல். 15. வென்றால்: விடியும்போது தண்ணீர் ஒரு சாண் இறங்கியிருக்கும். தோற்றால்: தாங்கும், ஆனால் இரண்டாவது ஊற்று மருத்துவச்சி வீட்டுக் கொல்லையில் கிளம்பும்.

மிராசுதாரின் மகன் கையெழுத்தை ஒத்துக்கொள்வானா, கர்ணத்தின் மகள். 10, நாற்று வந்து சேர்ந்திருந்தால் செக் இல்லை. வென்றால்: கரை வெட்ட அவனே ஆள் அனுப்புவான். தோற்றால்: ஒத்துக்கொள்வான், ஆனால் நாற்றில் பாதி போதாது, முக்கால் வேண்டும் என்பான்.

மூன்றாவது, ஓடக்காரர் தொலைந்த கயிற்றைத் தேடிப் போவது. தோற்றால் என்ன என்று இன்னும் எழுத வரவில்லை. நாளைக்குள் வராவிட்டால், அவர் போனால் கயிறு கிடைத்துவிடும்.